கீறல் படாத இதயம்

என் தங்கை வீட்டுக்காரரைப் பன்றி அறுக்கும் கொட்டடியில் எல்லோரும் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நெற்றியில் ஒரே அடி. பன்றி முன்னங்கால் மடிந்து விழும். அது உதைத்துக்கொண்டிருக்கும்போதே தொண்டையில் கத்தி இறங்கும். இருபது வருஷமாக இதே வேலை. அந்தக் கையைக் கொடுத்தவன் ஆண்டவன், குறை சொல்ல நான் யார்?

என் தங்கைக்கு இதயத் தசை தடித்துப்போயிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு முட்டும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா இவரிடம் சொன்னார்:

"தசைக்குள்ள இருக்கிற தண்ணி, நார் போற பக்கமாத்தான் அதிகமா நகரும். அதை மிஷின் பார்த்துடும். அறுக்காமலே நாரெல்லாம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சிடும். முதல்ல ஒரு பன்றி இதயத்துல சரிபார்க்கணும், அப்புறம்தான் உங்க வீட்டம்மா. நீங்க கொண்டுவர்ற இதயத்துல ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது."

"இவ்வளவுதானா?" என்றார் இவர்.

அவ்வளவு சுலபமில்லை. இதயத்தை எடுத்ததும் இரண்டு வெட்டுப் போட்டு ரத்தத்தைப் பிழிவது கொட்டடி வழக்கம். வியாழக்கிழமை முதல் இதயத்தை அவர் கையே கிழித்துவிட்டது. இரண்டாவதையும். மூன்றாவதைப் பத்திரமாக வாளியில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், கூட வேலை செய்யும் நெட்டை என்பவன் அதை எடுத்துச் சரக்கென்று கத்தியை இழுத்துவிட்டான்.

"என்ன மச்சான், வெட்டாம வச்சிருக்க? கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறியா?"

வாயிலேயே விழுந்தது குத்து. இரண்டு பல் தெறித்தது. கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினார். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

மிச்சம் ஒரே ஒரு பன்றி. மத்தியானத்துக்கு மேல் ஆஸ்பத்திரி மிஷின் வேறு ஆட்களுக்கு. அடித்தார், குத்தினார், மார்பைப் பிளந்தார். பிறகு கத்தியை இடது கைக்கு மாற்றினார். அந்தக் கைக்கு வழக்கம் தெரியாது, வேலையும் தெரியாது. ரத்தக் குழாய்களை அறுக்கும்போது வலது ஆள்காட்டி விரல் எலும்பு வரை பிளந்தது. இதயத்தை விடவில்லை.

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீறல் இல்லையே, இவ்வளவு புது ரத்தம் ஏது?"

"அது என்னுதும்மா. நீங்க மிஷினைப் போடுங்க."

படத்தில் நார்கள் உள்பக்கம் ஒரு சாய்வும் வெளிப்பக்கம் எதிர்ச் சாய்வுமாக, முறுக்கின கயிறுபோல் ஓடின. ஆயிரக்கணக்கில் கிழித்தவர் அன்றுதான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, "செவ்வாக்கிழமை உன்னை வரச் சொன்னாங்க" என்றார்.

கட்டுப்போட்ட விரலைப் பார்த்த என் தங்கை, "அறிவிருக்கா உங்களுக்கு? இனி நான்தான் ஊட்டணுமா?" என்று திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள்.