கட்லெட் ரொட்டிக்குள் என்ன இருந்தது

என் அப்பா எதையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார். கடையிலிருந்து சீனி வந்தால் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து மணல் நெருடுகிறதா என்று பார்ப்பார். கடற்கரை ஊரான தங்கா பத்துப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் மீன்காரர் காலையில் பிடித்த மீன் என்று சத்தியம் செய்தாலும், செவுளைத் தூக்கிப் பார்த்து, மோந்து, அதன் பிறகும் அரைமனதாகத்தான் வாங்குவார். ஊரிலிருந்து கடிதம் வந்தால் அதைப் படிக்கச் சொல்வதற்கு முன்னால், எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்பார். அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்துவிட்டது. இன்றைக்கும் மல்லிப் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்க்காமல் நான் வாங்குவதில்லை. என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சந்தேகப்படுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் ஒன்றை நினைத்தால் மட்டும் அந்தப் பெருமை ஓடி ஒளிந்துகொள்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மலாயாவில், ரெம்பியாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே புல்வெட்டுக்காரர்களை வேலை வாங்கும் மண்டோர். ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம் அது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள், சம்பளத்தைக் குறைத்தார்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்களை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மிஞ்சியவர்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டோம். காலையில் அவித்த கிழங்கு, மத்தியானம் கஞ்சியோடு கிழங்கு, சாயங்காலம் அதே கிழங்கு மிளகாயோடு. கிழங்கைக் கண்டாலே குமட்டுகிறது என்று சொல்லாத ஆள் எங்கள் லயத்தில் இல்லை.

எனக்கு ஒரு தம்பி. மூன்று வயது முடிந்தும் அவன் ஓடமாட்டான். வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, தலைமுடி செம்பட்டை பாய்ந்து, யார் தூக்கினாலும் அழுவான். சவலை விழுந்த பிள்ளை என்று பெண்கள் அம்மாவுக்குக் கேட்காமல் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார்கள். முந்திய வருஷம் பக்கத்து வீட்டில் இதே மாதிரி ஒரு பிள்ளை செத்துப்போயிருந்தது. அதனால் அம்மா அவனை இடுப்பிலிருந்து இறக்கவே பயப்படுவாள்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மாமா தோட்டத்து வெள்ளைக்கார துரையின் பங்களாவில் குக்கு ஆனார். அவர் அம்மாவுக்கு நேர் இளையவர், கல்யாணம் ஆகாதவர். அதற்கு முன் அங்கே ஒரு ஹைனானியச் சீனர் சமைத்துக்கொண்டிருந்தார். மாமா அவருக்குக் கையாள். விலை விழுந்ததும் துரை அந்தச் சீனரை நிறுத்திவிட்டு, அதே வேலையைக் கையாள் சம்பளத்துக்கே மாமாவிடம் கொடுத்துவிட்டார். மாமா அதைப் பெரிய பதவி உயர்வாக எடுத்துக்கொண்டு தலைக்கு எண்ணெய் தடவி வகிடெடுக்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே இரண்டு ரொட்டித் துண்டுகள், அவற்றுக்கு நடுவே வட்டமாகத் தட்டிப் பொரித்த ஒரு கறிக் கட்லெட். துரை வேட்டைக்குப் போகும்போது இப்படித்தான் கையில் பிடித்துக்கொண்டு தின்பாராம், தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. நெய்யும் மிளகும் கலந்த அந்த வாசனை எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே அதுவரை வந்ததில்லை. எதைக் கொடுத்தாலும் துப்புகிற தம்பி அதைத் தின்றுவிட்டுக் காகிதத்தை நக்கினான். அம்மா அழுதாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பொட்டலம் வந்தது.

அப்பா மட்டும் பொட்டலத்தைச் சந்தேகமாகவே பார்த்தார். மூன்றாவது வாரம் ஒரு கட்லெட்டைப் பிட்டு, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரைச்ச கறியில என்னத்தக் கண்டுபிடிக்கிறது? வெள்ளக்காரன் அடுப்புல மாட்டுக்கறிதானே வேகும்."

"என் தம்பி அப்படிச் செய்வானா? புள்ள கால ஊன்றான், அதப் பாருங்க லா," என்றாள் அம்மா.

"கால ஊன்றது இருக்கட்டும். உள்ள என்னன்னு தெரியாம இனிமே ஒரு வாய் போகாது."

மாமாவிடம் நேரே கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்று அம்மா பயந்தாள். கேட்டாலும் அவர் உண்மையைச் சொல்வார் என்று அப்பா நம்பவில்லை. ஆகவே என்னை அனுப்புவது என்று முடிவாயிற்று. பங்களாவின் பின்வாசலுக்குக் கீரை கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலைதான், யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. எலும்பு எவ்வளவு தடிமன், கொழுப்பு வெள்ளையா மஞ்சளா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரச்சொல்லி அப்பா எனக்குப் பாடம் நடத்தினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலேயே பெரிய ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு கீரைக்கட்டோடு போனேன்.

மாமா மேசை விளிம்பில் திருகி மாட்டியிருந்த கறி அரைக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அலோர் காஜா பாசாரிலிருந்து வந்த தொடைக்கறி. எலும்பு என் மணிக்கட்டைவிட மெல்லிசு. கொழுப்பு வெள்ளை. ஆடுதான், சந்தேகமில்லை. அத்தோடு நான் திரும்பியிருக்கலாம். ஆனால் நான் என் அப்பாவின் மகள். அங்கேயே கதவோரத்தில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன்.

மாமா இரண்டு கிண்ணங்கள் வைத்திருந்தார். சின்னக் கிண்ணத்தில் அரைத்த கறியைப் போட்டு, வெங்காயம், முட்டை, மிளகு சேர்த்துப் பிசைந்தார். பெரிய கிண்ணத்தில் பால்வெள்ளையாக அவித்த மரவள்ளிக்கிழங்கு. அதை நாரெடுத்து மசித்து, பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து போட்டு, பேருக்குக் கொஞ்சம் கறி சேர்த்து, எலும்பு வெந்த சாற்றை ஊற்றி, மிளகை அள்ளிப் போட்டார். தட்டிப் பொரித்து எடுத்தபோது இரண்டும் ஒரே நிறம். சின்னக் கிண்ணத்துக் கட்லெட்டுகளை ரொட்டிக்குள் வைத்துக் காகிதத்தில் சுற்றினார். பெரிய கிண்ணத்துக் கட்லெட்டுகள் பூப்போட்ட பீங்கான் தட்டுக்குப் போயின. அவற்றின் மேல் கறுப்பாக ஏதோ குழம்பு ஊற்றி, பச்சை இலை ஒன்று செருகி, வெள்ளி மூடி போட்டு மூடினார்.

"என்ன பாப்பா, வச்ச கண்ணு வாங்காம பாக்குற?"

"சும்மாதான் மாமா."

"சும்மா பாக்குற ஆளா நீ," என்று சிரித்துப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. தோட்டத்தில் எது உசத்தியோ அது துரைக்குப் போகும். நல்ல வாழைத்தார் துரைக்கு, பெரிய மீன் துரைக்கு, நிழலான சாலை துரைக்கு. இது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அப்படியென்றால் பீங்கான் தட்டும் வெள்ளி மூடியும் போட்டு உள்ளே போனதுதான் அசல் கட்லெட். எங்களுக்குச் சுற்றிக் கொடுத்தது கழிசல். கிழங்கை நாங்கள் தின்றால் ஒரு ருசியும் இல்லை, மாமா அதில் ஏதோ வித்தை செய்து துரைக்கு அமிர்தமாக்கிவிட்டார். சொந்த அக்காள் பிள்ளைகளுக்கு மட்டும் வெறும் கறி. மாமா எங்களை ஏமாற்றுகிறார் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். ஆட்டுக்கறிதான் என்றதும் அவர் முகம் தெளிந்தது. கிழங்குக் கட்லெட் துரைக்குப் போகிறது என்றதும் அவர் கையிலிருந்த வெற்றிலையை மடிக்காமல் என்னையே பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"இத யார்கிட்டயும் பேசப்படாது. வாய்க்குள்ளயே வச்சுக்க," என்றார் அப்பா.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. நியாயம் கேட்க அவர் கிளம்பாததும், அன்று மாலை மாமா வந்தபோது அவர் தோளைத் தொட்டுப் பேசியதும், தன் வெற்றிலைப்பையை அவர் பக்கம் தள்ளியதும் எனக்குப் பிடிக்கவேயில்லை. இருவரும் ஏதோ கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்பாவின் அனுமதி கிடைத்ததும் பொட்டலங்கள் மறுபடி தம்பி வயிற்றுக்குள் போயின. இரண்டு மாதத்தில் அவன் கன்னம் திரண்டது. லயத்து வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டு நாலடி ஓடினான். அம்மா முதல் முறையாக அவனை இறக்கிவிட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன். மாதம் ஒரு முறை, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் பிள்ளைகளை எடை பார்ப்பார். கொக்கித் தராசில் துணித்தூளி கட்டி, பிள்ளையை உள்ளே வைத்து, முள் நிற்கிற இடத்தை ஒரு புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அந்த வருஷம் அவர் குறித்ததெல்லாம் இறங்குமுகம். பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு கொடுக்கச்சொல்லி துரைக்கு அவர் எழுதி எழுதிப் பார்த்தார், காசில்லை என்ற பதில்தான் வந்தது. அப்படிப்பட்டவரின் தூளியில் அன்று தம்பியை வைத்ததும் முள் விடுவிடுவென்று மேலே போயிற்று. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இவனுக்கு என்ன குடுக்கிறியள்?"

"கஞ்சிதாங்க ஐயா. வேற என்ன இருக்கு," என்றாள் அம்மா.

"கஞ்சியில இப்பிடி ஏறாது. ஒளிக்காமச் சொல்லுங்கோ, மற்றப் பிள்ளையளுக்கும் உதவும்."

அம்மா பதிலுக்குத் தம்பியைத் தூளியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் ஏன் மாமாவைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த மனிதர், நியாயம் தெரிந்தவர், இவரிடம் சொன்னால் வழி பிறக்கும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். எங்கள் மாமா ஞாயிற்றுக்கிழமை கட்லெட் ரொட்டி கொண்டுவருகிறார் என்றும், எங்களுடையதில் வெறும் கறி என்றும், கிழங்கு போட்ட நல்ல கட்லெட்டைத் துரைக்கு மட்டும் வைத்துவிடுகிறார் என்றும் மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்து தோலில் ஏறியது.

டிரஸ்ஸர் சிரித்தார். துரைக்குக் கிழங்கு போகிற கதையை எழுதமாட்டேன், பயப்படவேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஆனால் பல மாதம் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இப்போது கையில் சான்று கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில், வாரம் ஒரு முறை கொஞ்சம் கறி தின்ற ஒரு பிள்ளை மட்டும் தேறிவிட்டது, மற்றவர்களுக்கும் கொடுத்தால் எல்லாரும் தேறுவார்கள் என்று துரைக்கு விவரமாக எழுதிவிட்டார். அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்றும் எழுதினார். அறிக்கை என்றால் முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா.

துரை அதைக் காலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாராம். மண்டோர் வீட்டுப் பிள்ளைக்குக் கறி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகியிருக்காது. தட்டில் இருந்த கட்லெட்டைக் கத்தியால் பிளந்து பார்த்தார் என்றும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார் என்றும் மாமாவே பிறகு சொன்னார். அந்த வார இறுதியில் கப்பலுக்கு எழுதிய பெயர்களில் மாமா பெயரும் இருந்தது. பிள்ளைகளுக்குக் கறி கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தம்பின் ஊர் ஸ்டேஷனில் ரயிலேறப் போகும் லாரியில் பெட்டியை ஏற்றிவிட்டு, "கண்ணு நல்லாத்தான் பாக்குது," என்று என் தலையைத் தடவினார். அப்பா லாரிக்குப் பின்னால் ரொம்ப தூரம் நடந்து போனார். ஊர் போய்ச் சேர்ந்ததாக மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, யார் எழுதிக் கொடுத்தது என்று அப்பா அன்று கேட்கவில்லை. அதன் பிறகு கடிதம் இல்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் மறுபடி ஓட அவனுக்கு ஐந்து வயது ஆகவேண்டியிருந்தது.

அன்று எனக்கு இதில் எதுவும் புரியவில்லை. மாமா போன அடுத்த ஞாயிறு, பொட்டலம் கேட்டுத் தம்பி அழுததால் அம்மா கிழங்கை மசித்து, மிளகு போட்டுத் தட்டி, கல்லில் சுட்டுக் கொடுத்தாள். ஒருவழியாக எங்களுக்கும் துரை சாப்பாடு கிடைத்துவிட்டது என்று நான் குதித்தேன். மாமாவின் கைப்பக்குவம் இல்லை, ஆனாலும் இதுதான் அசல் என்று தம்பிக்கு எடுத்துச் சொல்லி ஊட்டிவிட்டேன். ஞாயிறு தவறாமல் அதையே செய்யச்சொல்லி அம்மாவைப் படுத்தினேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் செய்து கொடுத்தாள்.

அடுத்த முறை தம்பியைத் தூளியில் வைத்தபோது முள் போன முறை எட்டிய இடத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. டிரஸ்ஸர் அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. துரை தின்பதையே தின்கிற பிள்ளை எப்படி இளைப்பான், தராசு பழுது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் பத்து ராத்தல் இரும்புக் கல்லை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். முள் சரியாகப் பத்தில் போய் நின்றது. நான் அந்தக் கல்லையும் நம்பவில்லை.