மணலுக்குள் போன விருந்தாளி

போன வருடம் சித்திரை மாதம். டோர்ட்மண்டில் வெயில் அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு இரண்டு புதியவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு முழ நீளம், அதில் பாதிக்கு மேல் வால். பாலைவன இகுவானாக்கள், ஒன்று ஆண், ஒன்று பெண்!

ஓணானைப் பார்த்திருப்பீர்கள்தானே? அதற்கு வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிறிய உடம்பு, முதுகில் பழுப்புப் புள்ளிகள், எப்போதும் எதையோ யோசிப்பது போன்ற முகம். மகள் படிக்க வேறு நகரத்துக்குப் போனபின் அவளுடைய அறை சும்மா கிடந்தது. பூனை என்றால் எனக்குத் தும்மல், நாய் என்றால் கீழ்வீட்டார் முறைப்பார்கள். ஒரு கண்காட்சியில் இவற்றைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். என் கணவரோ பல்லியைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்கிற ஆள். இவை இலையும் பூவும் தின்பவை என்று சொன்ன பிறகுதான் அரை மனதாய்த் தலையாட்டினார்.

“அப்ப என்னைக் கடிக்காதுகள். சரி, கொண்டு வாரும்.”

பயம் இருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பெரிய கண்ணாடிக் கூட்டை அறையில் பொருத்தி, மணல் கொட்டி, கற்களை அடுக்கி, சூட்டு விளக்கு மாட்டியது எல்லாம் அவர்தான். விளக்கின் கீழிருந்த கல்லைத் தொட்டுப் பார்த்தால் கை சுட்டது. அவற்றுக்கு அந்தச் சூடு வேண்டுமாம்.

அவற்றை வளர்த்து எங்களிடம் கொடுத்த ஜேர்மன் பெண்மணி வாசல் வரை வந்து திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். முதல் சில நாட்களுக்கு யாரும் கிட்டப் போகக் கூடாது, சாப்பாட்டை வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். நானும் ‘யா, யா’ என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வாய் சும்மா இருக்குமா? அன்று மாலையே தெரிந்தவர்கள் எல்லாருக்கும் படம் அனுப்பிவிட்டேன். எங்கள் சனத்தைப் பற்றித் தெரியும்தானே! ஒரு வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் போய்ப் பார்க்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோல்ஸ், பற்றிஸ், கேக் என்று தூக்கிக்கொண்டு நாலைந்து குடும்பங்கள் வந்து இறங்கின.

“உதென்ன பிள்ளை, உடும்புக் குஞ்சோ?”

“அக்கா, கண்ணாடியிலை தட்டாதேங்கோ!”

“வெறும் இலையோ குடுக்கிறீர்? பாவமெல்லே, கொஞ்சம் பப்பாப்பழம் வெட்டி வையும்.”

ஒருவர் கைபேசியில் வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தார். இன்னொருவர் இது பல்லி மாதிரிச் சகுனம் சொல்லுமா என்று கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கென்றால் பெருமை தாங்கவில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன்.

எல்லாரும் போன பிறகு பார்த்தால் பெண் இகுவானாவைக் காணவில்லை. மூலையில் மணல் மட்டும் லேசாக மேடிட்டிருந்தது. அடுத்த நாள் ஆண் வெளியே வந்து விளக்கின் கீழ் படுத்தது. அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வைத்த இலைகள் வாடிப்போயின. வேலையில் இருந்தாலும் மனம் முழுக்க அந்த மணல் மேட்டில்தான். செத்துக் கிடக்கிறாளோ? ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு தோண்டவே போய்விட்டேன். கடைசி நேரத்தில் அந்தப் பெண்மணியின் நினைவு வர, போனைப் போட்டேன்.

தோண்டவே வேண்டாம் என்று பதறினார். இன்னும் பயந்துவிடுமாம். வார முடிவிலும் வெளியே வராவிட்டால் உடனே அழைக்கும்படியும், தானே வந்து பார்த்து, தேவையென்றால் இரண்டையும் திரும்பக் கொண்டுபோவதாகவும் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார், வீட்டுக்கு யாரும் வந்தார்களா என்று.

“கொஞ்சப் பேர்தான்” என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

போனை வைத்தபோது கணவர் கதவடியில் நின்றார். “டுசல்டோர்ஃபிலை இருக்கிற அக்கா ஆக்கள் சனிக்கிழமை பாக்க வாறினமாம். என்ன சொல்லுறது?”

“வரவேண்டாம் எண்டு எப்பிடியப்பா சொல்லுறது?”

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார், “நீர் ஜேர்மனிக்கு வந்த அண்டைக்கு என்ன செய்தனீர், ஞாபகமிருக்கோ?”

இருக்காதா! விமான நிலையத்திலிருந்து புதுப்பெண்ணாக வந்து இறங்குகிறேன், வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் பாசத்தோடு வந்தவர்கள்தான். தட்டு மேல் தட்டாகச் சாப்பாடு, கேள்வி மேல் கேள்வி. நித்திரையில்லை, குளிர் வேறு எலும்பில் ஏறியிருந்தது. சிரித்துச் சிரித்துத் தாடை நொந்துபோனது. குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு, சுவரிலிருந்த ஹீட்டரில் முதுகைச் சாய்த்து அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போது வேண்டியிருந்தது கொஞ்சம் சூடும் ஒருவரும் இல்லாத ஒரு மூலையும்தான். கதவைத் தட்டியவர்களிடம் எல்லாம், “அவ குளிக்கிறா, பிறகு வாங்கோ” என்று சொல்லிச் சொல்லி அனுப்பியவர் இந்த மனிதர்தான்.

அந்த நிமிடமே போனை எடுத்தேன். “அக்கா, குறை நினைக்காதேங்கோ, இப்ப வரவேண்டாம்.” “ஓமோம், நீங்கள் இப்ப பெரிய ஆக்கள்” என்று வைத்துவிட்டார். வைக்கட்டும்!

பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கண்ணாடியின் மூன்று பக்கமும் தொங்கவிட்டோம். வீட்டில் தொலைக்காட்சி இல்லை, மிக்ஸி இல்லை, பேச்சுக்கூடக் கிசுகிசுப்புத்தான். இங்கே புல்வெளியெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பூக்குமே, லோவென்சான், அது அவற்றுக்கு நல்ல சாப்பாடு என்று அந்தப் பெண்மணி சொல்லியிருந்தார். நாய்கள் போகாத மூலையாகப் பார்த்துப் பறித்துக் கழுவி, ஒவ்வொரு காலையும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். திரும்பிப் பார்க்காமல் வருவதுதான் பெரிய பாடு!

சனிக்கிழமை காலை தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். அறைப் பக்கமிருந்து குரல். “இஞ்சாரும்! மெல்ல வாரும். மூச்சு விடாதேயும்!”

பல்லிக்குக் கதிரையில் ஏறும் மனிதர், சேலை விளிம்பை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு தரையில் முழங்காலில் நின்றார். நானும் பக்கத்தில் குந்தினேன். மணல் அசைந்தது. முதலில் மூக்கு, பிறகு கண், பிறகு உடம்பு முழுதும். மூக்கெல்லாம் மணலோடு மெல்ல ஏறி வந்து, சூட்டுக் கல்லில் வயிற்றைப் பரப்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப் போய், ஒரு மஞ்சள் பூவைக் கவ்வி அப்படியே முழுதாக மென்றாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சத்தம் போடக் கூடாதே! வாயைப் பொத்திக்கொண்டு கணவரின் தோளைப் போட்டுக் குத்தினேன். அவர் கண் கலங்கியிருந்தது. “பூ முடிஞ்சுது. போய் இன்னும் புடுங்கிக்கொண்டு வாறன்” என்று செருப்பைத் தேடி ஓடினார்.

இப்போது இரண்டும் என் கையிலிருந்தே சாப்பிடுகின்றன. டுசல்டோர்ஃப் அக்காவும் கோபம் தணிந்து வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சில வாரங்களுக்கு முன்பு மேல்மாடிக்குப் புதிதாகக் கலியாணம் முடித்து ஒரு பிள்ளை வந்திறங்கினாள். சுடச்சுட இடியப்பமும் சொதியும் கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். களைத்த முகத்தோடு சிரிக்க முயன்றாள். “உள்ளுக்கு வாங்கோ அன்ரி” என்றாள். “இல்லையம்மா, சாப்பிட்டிட்டுப் படும். ஆறுதலாய் ஒரு நாளைக்கு நீர் கீழை வாரும்” என்று பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் திரும்பிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பார்க்காமல் இறங்குவதும் அன்பில் ஒரு பங்குதான் என்பதை எனக்குக் காட்டித் தந்தது மணலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அந்தச் சின்ன மூக்கு.