வெள்ளை மாத்திரையோடு மல்லுக்கட்டிய கதை

உடம்புக்கு ஒன்றுமில்லாமலேயே தினமும் டாக்டர் வாசலில் காத்துக் கிடப்பவனுக்குத்தான் மெடிக்கல் ரெப் என்று பெயர். தோளில் பை மாட்டிக்கொண்டு ஏறி இறங்கிய சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகப் பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் நாகலாபுரத்துப் பையன்கள் மூட்டை கட்டிக்கொண்டு மெட்ராஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திறந்த கதவு வழியாக உள்ளே வந்த ஒரு மருந்துக் கம்பெனி, தமிழும் தெலுங்கும் சரளமாகப் பேசுகிறான் என்பதற்காக என்னைப் பிடித்து, டை கட்டிவிட்டு, சித்தூர், திருப்பதி ஏரியாவில் இறக்கியது. விற்க வேண்டியது வயிற்று எரிச்சலுக்கான புது மாத்திரை. சிவப்பு நிறம். எதிரே நின்றது, பல வருஷமாக ஊரே விழுங்கிக்கொண்டிருந்த இன்னொரு கம்பெனியின் வெள்ளை மாத்திரை.

சிவப்பு ஓடினால் என் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலை நிரந்தரமானால்தான் புத்தூர் மாமா தன் மகள் வசந்தியைத் தருவார். வசந்தியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆகவே அந்த மாத்திரையும் எனக்குப் பிடித்தே ஆக வேண்டியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

சித்தூரில் ஒரு டாக்டர். அவர் கிளினிக்கை ஒட்டியே முனிரத்னம் என்பவரின் மருந்துக் கடை. நடுவில் ஒரே ஒரு சுவர். டாக்டரிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி மாத்திரையின் பெருமைகளை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடையில இருக்கா? இல்லாத மருந்தை எழுதினா பேஷண்ட் திரும்பி வந்து என் பிராணனை வாங்குவான்" என்றார். கடைக்குப் போனேன். "டாக்டர் சீட்டு ராவாலி கதா! சீட்டே வராம ஸ்டாக் வச்சி நான் பூஜையா பண்றது?" என்றார் முனிரத்னம். மறுபடி டாக்டர். மறுபடி கடை. அந்த மாதம் முழுவதும் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்ததில் செருப்புதான் தேய்ந்தது.

கடைசியில் ரோஷம் வந்து, இருவரையும் ஒரே நேரத்தில் பிடித்துவிடுவது என்று டீ நேரம் பார்த்துப் போனேன். கிளினிக் பின்கட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளருடன் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு இன்னும் பெரிதாகியது. முனிரத்னம் எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, "கோச்சிக்காதப்பா. தெனம் இங்க ஒண்ணாதான் டீ குடிக்கிறோம். இந்த மாசம் பூரா உன்னைப் பத்திதான் பேசிக்கினு இருந்தோம், நல்லா பொழுது போச்சு. ஒரு பாக்ஸ் எறக்கிட்டுப் போ" என்றார்.

பிளாஸ்டிக் இரைப்பை

டாக்டரின் மேஜையைப் பிடித்தால் டாக்டரையே பிடித்த மாதிரி என்று பம்பாய் தலைமை அலுவலகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே, இரைப்பை வடிவத்தில் பிளாஸ்டிக் பேனா ஸ்டாண்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ரோஸ் நிறம், மேலே ஓட்டைகள், வயிற்றின் நடுவில் எங்கள் மாத்திரையின் பெயர். திருப்பதியில் ஒரு பெரிய டாக்டரிடம் அதைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை ஆவலோடு மேஜையைப் பார்த்தேன். அங்கே எதிர்க் கம்பெனியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் இரைப்பையைக் காணோம்.

தயங்கித் தயங்கிக் கம்பவுண்டரிடம் விசாரித்தேன். அவர் முகமெல்லாம் மலர, கையைப் பிடித்து உள் அறைக்கு அழைத்துப் போனார். அன்று சனிக்கிழமை. ஏழுமலையான் படத்துக்குத் துளசி மாலை போட்டு, முன்னால் இரைப்பையை வைத்து, ஓட்டைக்கு ஒன்றாக ஊதுபத்தி செருகியிருந்தார்கள். வயிறு நன்றாகவே புகைந்துகொண்டிருந்தது. "சாம்பல் ஒரு பொட்டு கூட கீழ விழறதில்ல சார். வீட்டுக்கும் ஒண்ணு குடுங்க" என்றார்.

நிறத்தில் என்ன இருக்கிறது

மாத்திரைக்குச் சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்ததே பெரிய தந்திரம் என்று எங்களுக்கு வகுப்பெடுத்திருந்தார்கள். சிவப்பு வீரியத்தைக் காட்டுமாம், ஒரு முறை பார்த்தால் மறக்காதாம். வரதய்யபாளையத்து டாக்டர் ஒருவர் என் மேல் இரக்கப்பட்டு, நான் உட்கார்ந்திருக்கும்போதே, கடலைக்காய் பிடுங்கும் வேலையிலிருந்து நேராக வந்திருந்த ஒரு அம்மாவுக்கு எங்கள் சாம்பிளை எடுத்துக் கொடுத்தார்.

அந்த அம்மா மாத்திரைப் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டாக்டர் கையிலேயே திரும்ப வைத்து, "வவுறு எரிஞ்சிக்கினு கீதுன்னு வந்தா மொளகாப்பழ கலர்ல மாத்திரை குடுக்கறியே நைனா, இன்னும் காந்தாதா? அந்த வெள்ளையே குடு, குளிர்ச்சியா இருக்கும்" என்றார்.

மாமாவின் சோதனை

இத்தனைக்கும் மாத்திரை மட்டமில்லை. புத்தூர் மாமாவுக்கு நெடுநாளாக எரிச்சல். அவருடைய டாக்டரே எங்கள் மாத்திரையை எழுதிக்கொடுக்க, அடுத்த வாரம் பார்த்தபோது மனிதர் ஊறுகாயும் பழைய சோறுமாக வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற வசந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாலை மாற்றும் நாள் வந்தேவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். மாமா ஏப்பம் விட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "எத துன்னாலும் ஒண்ணும் பண்ணல மாப்ள. மாத்திரை அதுக்கு உண்டான வேலைய செஞ்சிட்டுது. உன் வேல எப்ப பர்மனெண்ட்டு ஆவும்?"

மேனேஜரின் மதியம்

என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்ய, மெட்ராஸிலிருந்து மேனேஜர் வந்தார். காலை முழுக்க என்னோடு டாக்டர்களைப் பார்த்தார். போன இடமெல்லாம், "பாக்கலாம்", "சூத்தாம்லே" என்று இரண்டு மொழிகளிலும் ஒரே பதில். மேனேஜரின் முகம் இறுகிக்கொண்டே போனது. "இவ்வளவு நாளா என்னதான்யா பண்ணினே?" என்று கேட்டபோது எனக்கு வசந்தியின் முகம்தான் ஞாபகம் வந்தது.

திருப்பதிக்குப் போகும் வழியில், புத்தலப்பட்டில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். கோங்குரா, பருப்புப் பொடி, ஆவக்காய். வேண்டாம் சார், காரம் என்று நான் சொல்லச் சொல்ல, மேனேஜர் நெய்யை ஊற்றிப் பிசைந்து ஒரு கை பார்த்தார். வெளியே வந்து கார் ஏறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஏவ்வென்று ஒரு ஏப்பம், கண்ணில் தண்ணீர். "எப்பவும் வர்ற எரிச்சல்தான்யா" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு கிடைக்குமா? பையைத் திறந்து, பளபளவென்ற எங்கள் சிவப்பு மாத்திரையைப் பிரித்து, தண்ணீரோடு பவ்யமாக நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரோட்டில் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்துக்கொண்டார். பிறகு என் உள்ளங்கையை மெதுவாக மூடிவிட்டு, எதிரே இருந்த மருந்துக் கடையைக் கண்ணால் காட்டி, "ஓடிப்போய் அந்த வெள்ளையில ஒண்ணு வாங்கிட்டு வந்துடுப்பா. எனக்கு அதான் பழக்கம்" என்றார். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஓடிப்போய் வாங்கி வந்தேன். விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எழுந்தபோது முகத்தில் பழைய இறுக்கம் இல்லை. என் தோளில் கை போட்டுக் காருக்கு நடந்துகொண்டே சொன்னார்: "உன் ஏரியால போட்டி எவ்வளவு பலமா இருக்குன்னு நானே நேர்ல பார்த்தேன்னு ரிப்போர்ட் எழுதிடறேன். உனக்குப் பர்மனெண்ட் ஆயிடும். இது மட்டும் நமக்குள்ளயே இருக்கட்டும், என்ன?"

ஆக, ஊர் ஊராகப் போய் நான் ஒழிக்கப் பார்த்த அந்த வெள்ளை மாத்திரைதான் எனக்கும் வசந்திக்கும் கல்யாணத்தை முடித்து வைத்தது.