எழுபத்திரண்டு சென்டிமீட்டர் நூல்

புது பலூனைத் தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒரு தூள் ஒட்டும். அந்த ரப்பர் வாசனையும், சிலிண்டர் வாயிலிருந்து வந்த 'உஸ்ஸ்...' சத்தமும் இன்னும் எனக்குள் இருக்கின்றன.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருமுல்லைவாயிலில் வாடகை வீடு. நான் அம்பத்தூரில் கணக்கு டீச்சர். மகள் அம்மு, தன் ஐந்தாவது பிறந்தநாளுக்கு முன்பே யு.கே.ஜி. வகுப்பில் அறிவித்துவிட்டு வந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் பறக்குற பலூன்!"

எல்லாரும் என்றால் முப்பது பேர்.

தெருவில் விற்கும் பறக்கும் பலூனில் இருப்பது தீப்பிடிக்கிற வாயு. கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுவோமே என்று என் கணவர் பயந்தார். அவருடைய நண்பர் காசி வேலை பார்த்த பட்டறையில், குழாய்க் கசிவு பார்ப்பதற்கு ஹீலியம் வைத்திருந்தார்கள். அது தீப்பிடிக்காது. முதலாளியிடம் கேட்டு, மிச்சம் கொஞ்சம் இருந்த சிறிய சிலிண்டரைப் பிறந்தநாளன்று காலை எட்டு மணிக்கே கொண்டுவந்துவிட்டார் காசி. மதியம் ஷிஃப்டுக்குப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். மீட்டர் காட்டிய அழுத்தத்தையும் சிலிண்டரின் கொள்ளளவையும் பெருக்கினால் சுமார் இருநூறு லிட்டர். கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். நூற்றுத் தொண்ணூறு என்று வைத்துக்கொண்டேன். பலூனை முழுதாக ஊதினால் இருபத்து மூன்றோடு தீர்ந்துவிடும். ஏழு குழந்தைகள் வெறுங்கையோடு நிற்பார்கள்... முப்பதால் வகுத்தேன். ஒன்றுக்குச் சுமார் ஆறேகால் லிட்டர். அந்த அளவு உருண்டையின் சுற்றளவு எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.

அதே நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, ஒவ்வொரு பலூனின் இடுப்பிலும் சுற்றிப் பார்த்து "போதும்" என்றேன்.

காசி சிரித்தார். "இன்னா டீச்சர், பலூனுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?"

"கம்முனு இருப்பா," என்றார் இவர். "வுட்டா உனக்கும் அளவெடுப்பா."

முப்பதாவது பலூனோடு 'உஸ்' நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பலூன்கள் எல்லாம் கூரையைத் தொட்டுக்கொண்டு, நீள நீளமாக நூல் தொங்க நின்றன.

நான்கு மணிக்குக் கேசரி கிளறிவிட்டு ஹாலுக்கு வந்தேன். ஒரு பலூன்கூட மேலே இல்லை. எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போட்டவள், எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யோசிக்கவில்லை. ரப்பர் வழியாக ஹீலியம் கசிந்துகொண்டே இருக்கும். அதுவும் குறைவாக ஊதிய பலூன். கேள்வியை இரண்டு முறை படி என்று வகுப்பில் தினமும் சொல்கிறவள் நான்.

அம்மு உதட்டைப் பிதுக்கினாள். "பறக்கும்னு சொல்லிட்டேனேம்மா..."

சிலிண்டரும் போய்விட்டது. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

முதலில் ஓடி வந்த பையன் அப்படியே நின்றான். பலூன்கள் தரையிலும் விழவில்லை, மேலேயும் போகவில்லை. நூலின் நுனி தரையில் கிடக்க, அவன் முகத்துக்கு நேராக மிதந்துகொண்டிருந்தன.

"டேய், இங்க பாருடா! என் ஒசரத்துக்கே நிக்குதுடா!"

அவ்வளவுதான். முப்பது குழந்தைகளும் பலூன்களுக்குள் புகுந்தார்கள். கன்னத்தால் தள்ளினார்கள், தலையால் முட்டினார்கள். பலூன்கள் மெல்ல நகர்ந்து, மறுபடி அதே உயரத்தில் வந்து நின்றன. கேக் வெட்டக் கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. அம்முவும் வரவில்லை.

போன மாதம் முகப்பேரில், அம்முவின் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். கடைக்காரர் போனில் "எத்தன வேணும் மேடம்?" என்று மட்டும் கேட்டார். கணக்கு எதுவும் இல்லை. பளபளவென்று முப்பது பலூன்கள் வந்து கூரையில் ஒட்டிக்கொண்டன. மறுநாளும் அங்கேயேதான் இருக்குமாம்.

பேத்தி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். "பாட்டி, இது கீழ வரவே மாட்டேங்குது..."

ஒன்றின் ரிப்பனை எட்டி இழுத்து, புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நுனியில் மாட்டினேன். மெதுவாக மேலே ஏறப் பார்த்தது. கைப்பையைத் துழாவி இன்னொரு ஊக்கை எடுத்து மாட்டினேன்.

பலூன் தயங்கித் தயங்கி இறங்கி, ஊக்குகள் தரையைத் தொட்டதும் அவள் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

மீதி இருபத்தொன்பதும் கூரையிலேயே இருந்தன. அவள் அவற்றைத் திரும்பியே பார்க்கவில்லை.