பூஜைக்கு முன் தின்ற இலந்தை

பெரியப்பா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "சின்னப் பிள்ளைகளை ஒரு வருஷம் நாடு நாடாக இழுத்துக்கொண்டு போனால் படிப்பு நாசம்" என்று என்னைப் பற்றி எழுதினீர்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன் கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டில் என் அப்பாவிடமும் இதையேதான் கத்தினீர்கள்.

அப்போது எனக்கு ஏழு வயது, தம்பிக்கு நாலு. அப்பா சம்பளமில்லா விடுப்பு போட்டு எங்களைத் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று கூட்டிப்போனார். பள்ளிக்கூடம் என் பெயரை அடித்துவிட்டது. திரும்பி வந்து பரீட்சை எழுதினால்தான் இடம். "இவள் தேறமாட்டாள்" என்று எல்லார் எதிரிலும் சொன்னீர்கள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "சரஸ்வதி பூஜைக்கு முன்னாடி குல் தின்னுடாதே, ஃபெயிலாயிடுவே" என்றீர்கள். குல் என்றால் இலந்தைப்பழம். கல்கத்தாவில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் நமக்கும்தான்.

வியட்நாமில் அது யாருக்கும் தெரியவில்லை. சந்தையில் ஒரு பெண் பச்சையாக ஒரு பழம் கொடுத்தாள். சின்ன ஆப்பிள் என்று நினைத்துக் கடித்தேன். பாதியில் பல்லில் கொட்டை பட்டது. குல்! பூஜைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தம்பி நாலு தின்றிருந்தான். அவனுக்கென்ன, பரீட்சையா இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து அப்பா உங்களுக்குப் போன் போட்டார். நான் பிடுங்கிக்கொண்டு அழுதேன்.

"குல் தின்னுட்டேன் பெரியப்பா."



"எவ்வளவு பெருசு?"

"கோழிமுட்டை அளவு."

"புளிப்பா?"

"தித்திப்பு. மிளகாயுப்பு தொட்டுக்கணும்."

"வண்டியில விக்கறாங்களா?"

"சைக்கிள்ல, கூடையில."

"சரி, அழாதே. சரஸ்வதிகிட்ட நான் பேசிக்கறேன்."

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கேள்விதான். ஆறு என்ன நிறம், படகில் எத்தனை பேர், காலையில் என்ன சாப்பிடுகிறார்கள். என்னைச் சோதிக்கிறீர்கள் என்று பயந்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்துப் படித்தேன். திரும்பி வந்து எழுதிய பரீட்சையில் ஓர் ஆற்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மேகாங் ஆற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். இடம் கிடைத்தது. அன்று உங்கள் அலிப்பூர் ஆபீஸ் முழுக்கச் சந்தேஷ் இனிப்பு கொடுத்தது யார்? நீங்கள்தானே?

போன மாதம் பெரியம்மா பீரோவைத் திறந்து உங்கள் பாஸ்போர்ட்டுகளைக் காட்டினார். மூன்று. முதலாவது நாங்கள் கிளம்பிய அதே வருடம் எடுத்தது. ஒன்றில்கூட ஒரு முத்திரை இல்லை. அந்தக் கேள்விகள் எதற்கு என்று ஏழு வயதில் எனக்குப் புரியவில்லை.

ஜூனில் நானும் அவரும் குழந்தைகளும் கிளம்புகிறோம். உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் இடம் வைத்திருக்கிறேன். வருகிறீர்களா, இல்லையா? எனக்குத் தனியாக அனுப்பாதீர்கள். நேற்று எழுதிய அதே குழுவில், எல்லாரும் பார்க்கப் பதில் எழுதுங்கள்.