மோத்ரியா நிரப்பிய தண்ணீர்

எங்கள் கமிஷ்னா ஸ்டேஷனில் இன்ஜின்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவன் பனாஸ். உள்நாட்டுப் போரின் அந்தக் குளிர்காலத்தில், புரட்சியை எதிர்த்த வெள்ளைப் படையின் கவச ரயில் வந்து நின்றபோது, குழாய் உறைந்து கிடந்தது. வைக்கோலைக் கொளுத்தி இளக்கிக்கொண்டிருந்தான்.

"வேணும்னே இழுத்தடிக்கிறான்" என்றார் கேப்டன் துமனோவ். பனாஸைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார். பிறகு ஊர்ப் பெண்களை வாளி தூக்க வைத்தார். பனாஸின் மனைவி மோத்ரியாவும் தூக்கினாள், அவன் உடலைத் தாண்டித் தாண்டி.

அவள் அழவில்லை. ஸ்டேஷனில் தந்தி பார்த்த என்னிடம் வந்து, "அந்த பம்பை இனிமே நான் ஓட்டறேன். மேலிடத்துல சொல்லிடு" என்றாள்.

கவச ரயில் அடிக்கடி வந்தது. சிப்பாய்களின் சட்டைகளைத் துவைத்துக் கொடுத்தாள். கூலியாக சோப்பு கேட்டாள்.

"இவ்ளோ சோப்பு எதுக்கும்மா? எந்த மாப்பிள்ளையக் குளிப்பாட்டப் போற?"

"உங்க கேப்டனத்தான் தம்பி. அழுக்கு ஜாஸ்தி."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பனி உருகியதும், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் வெள்ளைப் படையை எதிர்த்த எங்கள் வட்டாரக் கலகப்படை ஒரு பீரங்கியோடு பதுங்கியது. ரயில் வரும் நாளை நான் சொல்லி அனுப்பினேன். மோத்ரியா சோப்பையெல்லாம் கூழாகக் காய்ச்சி, இன்ஜினின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினாள். டிரைவர் லுகியான் பார்த்துவிட்டான். துப்பாக்கி முனையில் இழுத்துவரப்பட்டவன் அவன்.

"அக்கா, கொதிகலன் பூரா நுரைச்சுக்கும். வண்டி நடுவழியில நின்னுடும்!"

"அதுக்குத்தான்."

"உள்ள நான் இருக்கேனே!"

"பாலம் தாண்டினதும் குதி. கத்தணும்னா இப்பவே கத்து."

அவன் கத்தவில்லை.

பாலம் தாண்டி வெட்டவெளியில் இன்ஜின் இருமி இருமி நின்றது. நகராத கவச ரயில் வெறும் இரும்புப் பெட்டி. பீரங்கி அதைப் பிளந்தது.

சாயங்காலம் தோளில் ரத்தத்தோடு துமனோவ் தள்ளாடி வந்தது அவளிடமே.

"தண்ணி குடும்மா."

"என்னைத் தெரியுதா?"

"இல்லையே."

"பனாஸ். குழாய் உறைஞ்சிருந்துச்சே. சுட்டியே."

அவர் யோசித்துப் பார்த்தார். "எந்த ஸ்டேஷன்ல?"

அவள் பம்பை நிறுத்திவிட்டு, அந்த அறைக்குள் அவரைத் தள்ளிப் பூட்டினாள். கலகப்படை வரும்வரை உள்ளிருந்து தண்ணீர் கேட்டார். கொடுக்கவில்லை. பிறகு அவரைச் சுட்டபோது, எல்லோருக்கும் முன்னால் நின்று பார்த்தாள்.

"மனசு ஆறுச்சா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு ஞாபகமே இல்லையேடா. எப்படி ஆறும்?"

குதித்ததில் கால் ஒடிந்த லுகியான் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டான். குளிர்காலம் தோறும் நொண்டி நொண்டி அவளுக்கு விறகு கொண்டுவருவான். விறகை வாங்கிக்கொள்வாள். உள்ளே மட்டும் விடமாட்டாள்.

"நான் குதிச்சேனேக்கா, உனக்காக" என்றான் ஒருமுறை.

"என் வீட்டுக்காரரைச் சுட்ட அன்னைக்கும் அந்த ரயிலை நீதானே ஓட்டிட்டு வந்த?" என்று கதவைச் சாத்தினாள்.