கால் நின்ற இடத்துக்கு முருகன் வந்தான்

முருகனடியார்களே, கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தவனை ரோட்டோரத்தில் விட்டுவிட்டு நீங்கள் போனீர்கள். போன தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை, செய்துங்கநல்லூர் தாண்டி. அதைச் சொல்லாமல் முருகன் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. யாரும் கோபப்பட வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருச்செந்தூருக்கு நாம் நடக்க ஆரம்பித்த காலத்திலிருந்து வேல் என் கையில்தான். வயல் வேலை செய்து உரமேறிய உடம்பு. அறுபத்தாறு வயதாகிவிட்டது என்று நான் நினைத்ததே இல்லை. ஆடி மாதம்தான் முதலில் வலித்தது. வாய்க்கால் கரை வழியே வயலுக்குப் போனால், பாதித் தூரத்தில் இடது கெண்டைக்கால் கயிறு போட்டு இறுக்கியது போலப் பிடிக்கும். கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். பாதம் எப்போதும் சில்லென்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே முடி கொட்டி, தோல் வழவழவென்று ஆகிவிட்டது. பெருவிரலில் கல் பட்ட சின்னக் காயம், கார்த்திகை போய் மார்கழி வந்தும் ஆறவில்லை. வயதானால் இப்படித்தான் என்றார்கள். வாயு என்றார்கள். என் மனைவி எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள்.

வெளியில் ஒருவனிடம்தான் மனம்விட்டுச் சொன்னேன். என் மனைவியின் தம்பி கணபதி.

"இந்தத் தடவை கொஞ்சம் பைய நடப்போம் மாப்ளே. கால் ஒத்துக்கிட மாட்டேங்கு" என்றேன். வேறு யாருக்கும் தெரியவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

"நான் பாத்துக்கிடுதேன் அத்தான்" என்றான். அந்தச் சொல்லை நம்பித்தான் மாலை போட்டேன்.

செய்துங்கநல்லூரைத் தாண்டி நான் மறுபடி மறுபடி நின்றபோது கூட்டத்தில் முணுமுணுப்பு கேட்டது. வெயில் ஏறும் முன் கருங்குளம் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம். கணபதி என் பக்கத்தில் வந்தான். தோள் கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அத்தானுக்குப் பல மாசமாவே இப்படித்தான் இருக்கு. விரதத்துல எங்கனயோ குத்தம். முருகன் நடக்க விடமாட்டேங்கான். வேல எங்கிட்டக் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. அவனே எடுத்துக்கொண்டான். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. பின்னால் சாமான் வேன் வரும், ஏறிக்கொள்ளுங்கள் என்றீர்கள். அந்த வேன் வேறு வழியாகப் போய்விட்டது என்று பிற்பாடுதான் தெரிந்தது. உங்கள் அரோகரா சத்தம் வளைவில் மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். கழுத்து மாலையைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று தோன்றியது. "உனக்குத்தானே நடந்தேன். மனுசன் விட்டுட்டுப் போனான், சரி. நீயுமா?" அதுதான் நான் செய்த பிரார்த்தனை. அதில் பணிவு கிடையாது. மனசில் இருந்ததை மறைக்காமல் கேட்டேன், அவ்வளவுதான்.

எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். விந்தி விந்தி நடந்து தண்ணீர் கொண்டுவந்தார். என்ன நடந்தது என்று விசாரித்தார். பிறகு வலியைப் பற்றிக் கேட்டார்.

"நடந்தா பிடிக்கு, நின்னா விட்டுருது. அப்படித்தான வே?"

தலையாட்டினேன். குனிந்து என் இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டார். அந்த வெயிலிலும் இடது பாதம் ஜில்லென்றிருந்தது. விரல் புண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தன் வேட்டியை விலக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வாயுன்னு சொன்னாவ, நம்பி இருந்துட்டேன். நீரு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவும்."

கடையைச் சாத்திவிட்டு அவரே ஆட்டோ பிடித்து என்னைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் பெயர் கேட்டேன். வேலாயுதம் என்றார். எறிய நினைத்த மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மா பாதத்தில் நாடி பார்த்தார். கிடைக்கவில்லை. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டார். ஸ்கேனில், தொடையிலிருந்து காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. நான் குடித்த பீடியும் உடம்பில் இருந்த சர்க்கரை நோயும் சேர்ந்து செய்த வேலை. "இன்னும் தாமதிச்சிருந்தா விரலோட நின்னிருக்காது" என்றார். மெல்லிய குழாய் விட்டு அடைப்பை விரித்தார்கள். விரல் தப்பியது. கால் தப்பியது.

கணபதி வந்து பார்க்கவில்லை. தன் அக்காவிடம், பன்னீர் இலையில் மடித்த திருச்செந்தூர் விபூதியைக் கொடுத்தனுப்பினான். விபூதி முருகனுடையது, பூசிக்கொண்டேன். ஆனால் அவன் செய்தது இன்றும் நெஞ்சில் குத்துகிறது. மறந்துவிட்டேன் என்று முருகன் பெயரால் பொய் சொல்லமாட்டேன். கணபதி, நீயும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாய். கேட்டுக்கொள்.

பீடியை விட்டுவிட்டேன். மாத்திரை தவறுவதில்லை. தினமும் பாதத்தைத் தடவிப் பார்க்கிறேன், வெறுங்காலோடு நடப்பதில்லை. சூடு தெரியாமல் வெந்துவிடும் என்பதால் ஒத்தடமும் கொடுப்பதில்லை. புண் ஆறியதும் டாக்டரம்மா சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? நடை. வலிக்கிற வரை நட, நில், வலி விட்டதும் மறுபடி நட. முருகன் நடக்க விடமாட்டேன் என்கிறான் என்றீர்கள். அவன் என்னை நடக்கத்தான் சொன்னான்.

இந்த வருடம் வழியில் யாராவது கால் பிடித்து நின்றால் விரதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். எல்லோரும் கைவிட்டார்கள் என்று உட்கார்ந்திருக்கிறவர்கள், அழுகையானாலும் வசவானாலும் அவனிடமே சொல்லுங்கள். முருகன் வருவான். அவன் வருகிறவரைக்கும், உங்களில் ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.